தண்ணீர் ஏறாத தொட்டியைக் கழுவிய தேதி

சட்டமன்றக் குழு வருகிறது என்று மாவட்டத்துக்குத் தகவல் வந்ததும் முதலில் வெள்ளையாவது சாலையோரம். பிளீச்சிங் பவுடரைக் கோடு கிழித்தாற்போல் தூவியிருப்பார்கள். அடுத்து வேகத்தடைகளுக்கு வண்ணம், பயணியர் மாளிகைக்குப் புதுத் திரைச்சீலை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த டியூப் லைட்டுக்கு விடுதலை. இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நிறைய. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த நாட்களில் நான் உள்ளே உட்கார்ந்து, குழு கேட்ட கேள்விகளுக்குப் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 12 வருடம் ஒரு மாவட்ட அலுவலகத்தில் கோப்பு எழுதிவிட்டு, சொந்தக் காரணங்களால் வெளியே வந்தவன் நான். எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள். அந்த 12 வருடத்தில் 5 வருடம் எனக்குத் தணிக்கை இருக்கை, அதாவது தணிக்கைக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற வேலை. யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குகிற இருக்கை இல்லை அது. டெண்டர் பார்க்கிற இருக்கையைத் தேடி ஆட்கள் வருவார்கள், தணிக்கை இருக்கையைத் தேடி நினைவூட்டுக் கடிதங்கள் வரும்.

சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒரு பத்திரிகைத் தலைப்பு. இத்தனை கோடி இழப்பு, இத்தனை கோடி வீண் செலவு என்று ஒரு நாள் வரும், மறுநாள் போய்விடும். அது கடைசிப் படி. முதல் படி, அவருக்குக் கீழே மாநிலத்தில் இருக்கிற ஏ.ஜி. ஆபீஸிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து ஓரமாக ஒரு மேஜை கேட்டு உட்கார்வது. ரொக்கப் பதிவேடு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகம், பட்டியல்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் ஒரு தாளின் பாதியில் கேள்வியை எழுதித் தருவார்கள். மறுபாதி நம் பதிலுக்கு. ஆஃப் மார்ஜின் என்று பெயர். பதிலில் திருப்தி இல்லையென்றால் அது ஆய்வறிக்கையில் ஒரு பத்தியாக ஏறும். அங்கும் தீராமல், விஷயமும் தொகையும் பெரிதாக இருந்தால், வரைவுப் பத்தியாகித் துறைச் செயலாளரின் மேஜைக்குப் போகும். அதையும் தாண்டி நிற்பதுதான் அச்சாகி, அரசமைப்புச் சட்டத்தின் 151(2)ஆம் பிரிவின்படி ஆளுநருக்குச் சமர்ப்பிக்கப்பட்டு, பேரவையில் வைக்கப்படுகிறது. அங்கிருந்து, அதை ஆராய்கிற சட்டமன்ற உறுப்பினர்களின் குழுவான பொதுக் கணக்குக் குழுவின் கைக்கு.

வழியில் ஒவ்வொரு படியிலும் பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அச்சில் வருகிற பத்தி, பலமுறை கேட்டும் உருப்படியான பதில் வராத பத்தி.

எங்கள் மாவட்டத்திலிருந்து அப்படிக் கடைசிவரை போன ஒரு பத்தியில் ஒரு அட்டவணை இருந்தது. மொத்தம் 11 பணிகள். ஏழாவது வரி, ஒரு சிற்றூரில் கட்டிய 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. தொட்டி கட்டியாயிற்று, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்தாயிற்று, தெருக்களில் குழாயும் பதித்தாயிற்று. மோட்டாருக்கு மின் இணைப்பு மட்டும் இல்லை. மதிப்பீடு போடும்போதே இணைப்புக்குக் கட்ட வேண்டிய வைப்புத் தொகையைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். அந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் எடுப்பது என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் எங்களுக்கும் இடையே கடிதம் போய்வந்துகொண்டிருந்தது. தணிக்கைக்காரர்கள் இதைப் பலனளிக்காத செலவினம் என்பார்கள்.

பதில் எழுதியது நான்தான். "மின் இணைப்பு பெறுவதற்குத் துரித நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. எனவே, இத்தணிக்கைப் பத்தியை நீக்கம் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." இதில் 'துரித' மட்டும் என் சொல் இல்லை. கண்காணிப்பாளர் பென்சிலில் சேர்த்தது.

எடுக்கப்பட்டு வருகிறது. அலுவலகத் தமிழ் கண்டுபிடித்ததில் இதைவிட வசதியான வினைமுற்று கிடையாது. யார் எடுக்கிறார் என்று சொல்ல வேண்டாம். எப்போது தொடங்கினார் என்று சொல்ல வேண்டாம். எப்போது முடியும் என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் நுழையவே இடமில்லை. நான் அந்த ஐந்து வருடத்தில் இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அந்த மனுவின் பயணம் எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான். ஆட்சியரிடமிருந்து மாவட்ட அலுவலகம், அங்கிருந்து ஒன்றியம், அங்கிருந்து ஊராட்சி. பிறகு அதே படிகளில் பதில் மேலே ஏறும். யார் செய்யவில்லை என்று மனு கொடுத்தார்களோ, அவரே 'செய்யப்படும்' என்று எழுத, அதை மேலே உள்ளவர்கள் ஒப்புக்கொண்டு அனுப்புவார்கள். தொட்டி விஷயத்தில் இன்னும் கேவலம். மனுதாரருக்குப் போன பதிலும் தணிக்கைக்குப் போன பதிலும் ஒரே வாக்கியம், இரண்டையும் எழுதியவன் ஒரே ஆள். நிர்வாகம் தன் தவறைத் தானே விசாரித்தால் இப்படித்தான் முடியும். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். எல்லாருடைய கண்ணும் மேலே இருக்கிற அதிகாரியைப் பார்த்தே பழகியிருக்கிறது, அவருக்கு வேண்டியது ஒரு பதில்.

நிர்வாகத்தின் ஏணிக்கு வெளியே நின்று கேட்கிற இடம் சட்டமன்றம். ஆனால் சட்டமன்றம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அவையில் நடக்கும் சத்தம். அதில் கேள்வி நேரம் உண்மையிலேயே பயனுள்ளது, மறுக்கவில்லை. ஆனால் பாதிக் கேள்விகள் 'எங்கள் தொகுதியில் இன்னது அமைக்க அரசு ஆவன செய்யுமா?' என்ற வடிவில்தான் இருக்கும். புதிதாக ஒன்று கேட்பது அது. ஏற்கெனவே கொடுத்தது ஓடுகிறதா என்று கேட்பவர் குறைவு, ஏனென்றால் அதற்குத் திறப்பு விழா இல்லை. அமைச்சரும் 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று முடித்துக்கொள்வார். 110 விதியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரவைத் தலைவர் அனுமதியோடு அமைச்சர் ஒரு அறிக்கை படிக்கலாம், அதன்மேல் விவாதம் கூடாது. அந்த விதியின் கீழ் அறிவிப்புகள் மழையாகப் பொழிந்த ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். அவைக்குள் அறிவிக்கப்படுகிறது என்பது ஒன்றுதான், அவை அதை ஆராய்ந்தது என்று சொல்ல முடியாது.

'பரிசீலனையில் உள்ளது' என்பதைக்கூடச் சும்மா விடக் கூடாது என்று நாடாளுமன்றம் ரொம்ப நாளைக்கு முன்பே யோசித்திருக்கிறது. மக்களவையில் 1953இலேயே அரசு உறுதிமொழிகளுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். 15 உறுப்பினர்கள். எந்தெந்த வாசகத்தை அமைச்சர் சொன்னால் அது வாக்குறுதிக் கணக்கில் சேரும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். அதில் 'இந்த விஷயம் பரிசீலனையில் உள்ளது', 'இதைக் கவனிக்கிறேன்' எல்லாம் உண்டு. சொன்ன நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். நழுவல் வாசகத்தையே வாக்குறுதியாகக் கணக்கில் எழுதிக்கொள்கிற இந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது.

மனுக்கள் குழு என்று இன்னொன்று. மாவட்டத்துக்கு வரும்முன் பத்திரிகைச் செய்தி கொடுப்பார்கள். அதன் நிபந்தனைகள் பலருக்கும் தெரியாது. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனிநபர் குறை, வேலை கேட்பது, பட்டா, முதியோர் ஓய்வூதியம், நீதிமன்றத்தில் இருக்கிற விஷயம் எதுவும் கூடாது. கையெழுத்துப் போட்டு ஐந்து நகல் தர வேண்டும். பட்டாவும் ஓய்வூதியமும் இல்லையென்றால் மக்களுக்கு வேறு என்ன குறை என்று எங்கள் அலுவலகத்தில் கிண்டல் செய்வோம். ஆனால் அந்த நிபந்தனைக்குள் சரியாகப் பொருந்துகிற ஒரு மனு, திங்கட்கிழமை மனுக்கள் பத்தைவிட வேகமாக நகரும். காரணம், பதில் பேரவைச் செயலகத்துக்குப் போக வேண்டும்.

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

நான் அந்தப் பதிலை எழுதி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலை தபாலில் தடித்த உறை ஒன்று வந்தது. பொதுக் கணக்குக் குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வருகிறது, கீழ்க்கண்ட பத்திகளுக்கு இன்றைய நிலவரத்துடன் பதில் அனுப்பவும். வினாப்பட்டியலில் எங்கள் பத்தி. அதன் கீழே: "மின் இணைப்பு பெறுவதற்குத் துரித நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது எனத் துறை பதிலளித்துள்ளது. எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் யாவை? நாள்வாரியாகத் தெரிவிக்கவும்."

என் வாக்கியம், மேற்கோள் குறிக்குள். பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்து மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. நாள்வாரியாக என்ற ஒரு சொல், 'வருகிறது' என்ற வினைமுற்றின் காற்றைப் பிடுங்கிவிட்டது. கோப்பைப் புரட்டினால் எழுதுவதற்கு நாட்களே இல்லை. கடைசிக் கடிதம் போய் 14 மாதம் ஆகியிருந்தது. கண்காணிப்பாளர் கோப்பை இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "துரிதன்னு யார் தம்பி போட்டது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பென்சில் எழுத்து இன்னும் வரைவில் இருந்தது, அவரே பார்த்துக்கொண்டார்.

குழு வந்த நாள் காலையில் மூன்று இடங்களில் களஆய்வு. அட்டவணையில் எந்த வரிகளைப் பார்ப்பார்கள் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. பத்து கார்கள் வரிசையாக அந்தச் சிற்றூருக்குள் திரும்பியபோதுதான் ஏழாவது வரி என்று புரிந்தது. தொட்டி புது வெள்ளையில் பளபளவென்று நின்றது. கிராமத்துத் தொட்டிகளில் பார்த்திருப்பீர்கள், சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள் என்று நீலத்தில் எழுதியிருக்கும். இதிலும் எழுதியிருந்தது. சுத்தம் செய்த நாள், முந்தைய வாரம்.

உறுப்பினர் ஒருவர் அதை நின்று படித்தார். ஆளுங்கட்சிக்காரர் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் அதிகாரிகள் பக்கம் திரும்பவில்லை. ஓரமாக நின்ற தண்ணீர் திறந்துவிடுகிறவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இதுல தண்ணி ஏறுதா?"

"இன்னும் கரண்டு வரலீங்க ஐயா."

"அப்ப போன வாரம் எதைக் கழுவுனீங்க?"

தண்ணீர் திறந்துவிடுகிறவர் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வைப் பார்த்தார். பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். கடைசியில் உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லாமல், "ஐயா, ஒன்றியத்துல எல்லாத் தொட்டிக்கும் தேதி எழுதச் சொல்லியிருந்தோம்..." என்று இழுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மதியம் ஆட்சியர் அலுவலகக் கூட்டரங்கில் ஆய்வுக் கூட்டம். அங்கே நான் பார்த்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. குழுத் தலைவர் சத்தம் போடவில்லை. "கடைசியா எப்ப எழுதினீங்க?" என்றார். பின்வரிசையிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டு நான் முன்னால் போனேன். தேதி சொன்னோம். "அதுக்கு என்ன பதில் வந்துது?" மின் பொறியாளரும் அதே அறையில்தான் இருந்தார். முறைப்படி விண்ணப்பமே வரவில்லை, வைப்புத் தொகையும் கட்டவில்லை, கட்டினால் இணைப்பு தரத் தடையில்லை என்றார். "எவ்வளவு?" தொகையைச் சொன்னார். தொட்டி கட்டிய செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஒன்றியப் பொது நிதியில் எடுக்க முடியாதா என்று ஏ.ஜி. அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் கேட்டார். முடியும் என்றார் பி.டி.ஓ. மூன்று வருடமாக இரண்டு அலுவலகங்கள் கடிதத்தில் கட்டிப் புரண்ட விஷயம், ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது.

யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, இருவருக்கும் மேலதிகாரியாக இல்லாத ஒருவர் தேதி கேட்டார், அவ்வளவுதான். பொய் சொன்னால் உரிமை மீறல் என்ற கத்தி ஒன்று அறையில் தொங்குகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். இந்தக் குழுக் கூட்டங்களுக்குள் பத்திரிகையாளர்களுக்கு அனுமதி இல்லை. அது குறை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இலங்கையில் அரசு நிறுவனங்களின் கணக்கைக் கேட்கிற நாடாளுமன்றக் குழுவான கோப் குழுவின் விசாரணைகள் தொலைக்காட்சிச் செய்தியாகவே வருகின்றன, மக்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். ஆனால் கேமரா இருந்திருந்தால் அந்த ஆளுங்கட்சி உறுப்பினர் தொட்டியைப் பற்றி அப்படிக் கேட்டிருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது. இன்னும் எனக்கு முடிவு தெரியாத விஷயம் இது.

கட்சிக்கு அப்பால் நின்று கணக்குக் கேட்பது என்ற ஏற்பாடு நம்முடையது மட்டுமல்ல. பிரிட்டனில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது 1861இல் பொதுக் கணக்குக் குழு வந்தது. இந்தியாவில் 1921. சுதந்திரத்துக்குப் பிறகும் 1967 வரை நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைவர் ஆளுங்கட்சிக்காரர்தான். அந்த ஆண்டு சுதந்திராக் கட்சியின் மினு மசானி தலைவரானார், அன்றிலிருந்து எதிர்க்கட்சிக்கு அந்த நாற்காலி என்பது மரபாயிற்று. கேரளத்தில் 1980 முதல் துறைவாரியாகப் பொருள் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கைகளை அவை ஆராய்ந்த பிறகே அவையில் வாக்கெடுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தந்தத் துறையின் அமைச்சரே அந்தக் குழுவுக்குத் தலைவர். கேள்வி கேட்க வேண்டிய மேஜையின் நடுவில் பதில் சொல்ல வேண்டியவரை உட்கார வைத்தது யார் யோசனையோ!

இனி கசப்பான பகுதி. அட்டவணையின் 11 வரிகளில் அன்று பார்த்தது மூன்று. குழு போன பிறகு பயத்திலேயே இன்னும் இரண்டு சரியானது. மற்றவை எழுத்திலேயே பதில் சொல்லி எழுத்திலேயே நின்றன. அதில் ஒரு சமுதாயக் கூடம், நான் வேலையை விடும்வரை ஆடு கட்டத்தான் பயன்பட்டது.

அப்புறம், பொறுப்பு. தொட்டிக்கு மதிப்பீடு போட்டவர் யார் என்று குழு கேட்டிருந்தது. இதற்கும் ஒரு தயார் வாசகம் உண்டு: சம்பந்தப்பட்ட அலுவலர் வயது முதிர்வின் காரணமாக ஓய்வு பெற்றுவிட்டார். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978, விதி 9. ஓய்வு பெற்றவர்மேல் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க வேண்டுமானால், விஷயம் நடந்து நான்கு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். வேலை நடந்த ஆண்டு ஒன்று, தணிக்கை வருவது அதற்குப் பிந்தி, அறிக்கை அச்சாவது அதற்கும் பிந்தி, குழு அதைக் கையில் எடுப்பது எப்போதோ. அதற்குள் நான்கு ஆண்டு எங்கேயோ கரைந்திருக்கும். குழுவும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படுகிறது, கேள்வி கேட்டவர் பதில் வரும்போது அங்கே இருப்பாரா என்பதும் உறுதியில்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்த தாமதம் இல்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமைந்திருக்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு அழகான வரி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்று. 2005இல் 8(1)(ஜே) பிரிவின் வாலில் எழுதிவைத்தார்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே மாற்றி எழுதியது, இந்த வரியும் அதோடு போயிற்று. சட்டமன்ற உறுப்பினருக்குக் கிடைப்பது தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கும் கிடைக்கலாம் என்ற எண்ணம் அந்த ஒரு வரியில் இருந்தது, அதனால் எனக்கு வருத்தம்.

தொட்டிக்குப் பணம் கட்டி, கம்பம் நட்டு, 23ஆம் நாள் இணைப்பு வந்தது. குழுவுக்கு மேல்நடவடிக்கை அறிக்கை அனுப்ப வேண்டும். கண்காணிப்பாளர் வாசகம் சொல்ல நான் எழுதினேன். "மின் இணைப்பு வழங்கப்பட்டு, பொதுமக்களுக்குக் குடிநீர் விநியோகம் செய்யப்பட்டு வருகிறது." எழுதி முடித்ததும் இருவரும் அந்தக் கடைசிச் சொல்லையே பார்த்தோம்.

"ஒரு போன் போட்டுக் கேட்டுடு தம்பி" என்றார்.

தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குப் போட்டேன். "காலையில நல்லா வந்துச்சு சார், தெருவெல்லாம் ஒரே கூட்டம். இப்ப மோட்டார் நின்னு போச்சு, ஆளுக்குச் சொல்லியிருக்கு" என்றார்.

கண்காணிப்பாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "ரெண்டு நாள் கழிச்சு டைப் பண்ணு" என்றார்.